1910–40 இதழ்களை ஓ.சி.ஆர். செய்து சொல் எண்ணுவது: பிழை எங்கெங்கே நுழைகிறது?

நிறைமதி

அனைவருக்கும் வணக்கம். 1910 முதல் 1940 வரை வந்த தமிழ் இதழ்களில் வடசொற்களும் கிரந்த எழுத்துகளும் எப்படிக் குறைந்து வந்தன என்பது ஆய்வுத் தலைப்பு. 'பாஷை', 'ஜனங்கள்', 'வருஷம்', 'பிரசங்கம்' இருந்த இடத்தில் 'மொழி', 'மக்கள்', 'ஆண்டு', 'சொற்பொழிவு' எப்போது ஏறி உட்கார்ந்தன, எந்த இதழில் முதலில், எந்த இதழில் கடைசிவரை ஏறவே இல்லை என்று எண்ணிக்கையோடு காட்ட வேண்டும். மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய 1916ஐ ஒட்டி வளைவு திரும்புகிறதா, 1930களில்தான் திரும்புகிறதா என்பது மையக் கேள்வி.

சுமார் 9,000 பக்கம் இருக்கும். செந்தமிழ், ஆனந்த போதினி, செந்தமிழ்ச் செல்வி, குடி அரசு, கலைமகள் ஆகியவை பட்டியலில் உள்ளன. பாதி இணையத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது, மீதியை நூலகத்தில் படமெடுக்க வேண்டும். டெசராக்ட் என்ற ஓ.சி.ஆர். (படத்திலுள்ள எழுத்தை உணர்ந்து தட்டச்சாக்கும்) மென்பொருளில் ஓட்டி எழுத்தாக்கிவிட்டு பைத்தான் நிரலில் எண்ணுவதாகத் திட்டம். எந்தெந்த இடத்தில் சறுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

தாள்வாசம்

படம் எடுப்பதிலிருந்தே சொல்கிறேன். இங்கே போனது பிறகு எந்த மென்பொருளாலும் திரும்பி வராது.

தமிழில் முதலில் பலியாவது புள்ளி. பழைய அச்சில் மெய்யெழுத்துப் புள்ளி ஏறக்குறைய 0.4 மி.மீ. அளவு. 200 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சல்) அது மூன்று பிக்சல், 400 டி.பி.ஐ.யில் ஆறு பிக்சல். மூன்று பிக்சல் புள்ளியையும் தாளில் இருக்கும் பூச்சிக் கறையையும் எந்த நிரலாலும் பிரித்தறிய முடியாது. அதனால் 400க்குக் குறையக் கூடாது. கறுப்பு-வெள்ளை ஒற்றை பிட் படமாகச் சேமிக்காதீர்கள். வண்ணத்தில், டிஃப் கோப்பாக வையுங்கள். ஏ5 அளவை ஒட்டிய பக்கத்துக்கு 22 எம்.பி. ஆகும். 300 பக்கத் தொகுதி என்றால் 6.6 ஜி.பி. இதற்கு இடம் ஒதுக்கித்தான் ஆகவேண்டும்.

பக்கப் படத்தைச் சீராக்கும் ஸ்கேன்டெய்லர் போன்ற மென்பொருளில் 'தூசு நீக்கு' என்று ஒரு தேர்வு இருக்கும். தமிழ்ப் பக்கத்துக்கு அதை முழுக்க அணைத்துவிடுங்கள். அது தூசோடு புள்ளியையும் துடைத்துவிடும். 'மக்கள்' 'மககள' ஆகும்.

1920களின் தாள் பெரும்பாலும் அமிலத் தாள். 180 பாகையில் மலர்த்தினால் தையல் ஓரத்தில் முறியும், தட்டை ஸ்கேனரில் கவிழ்த்தால் இன்னும் மோசம். 'வி' வடிவத் தாங்கியில் 90 முதல் 120 பாகைக்குள் விரித்து, மேலிருந்து கேமராவில் எடுப்பதே நூலுக்கும் படத்துக்கும் நல்லது. 24 மெகாபிக்சல் கேமரா (6000 × 4000) இருந்தால் ஒரு ஏ5 பக்கத்தை ஓரம் விட்டு எடுத்தாலும் 600 டி.பி.ஐ.யைத் தாண்டும். விளக்கு இருபக்கமும் 45 பாகையில். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள். பாதிக்கு மேல் மறையும். முதல் படத்தில் அளவுகோலும் வண்ணப் பட்டையும் இருக்கட்டும்.

இணையத்தில் கிடைத்த பி.டி.எஃப்.களில் எத்தனை ஒற்றை பிட் படங்கள், எத்தனை 200 டி.பி.ஐ. என்று பிரித்துப் பட்டியல் போடுங்கள். மிக மோசமானவற்றை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் மூலப் பிரதியிலிருந்து மறுபடி எடுக்க அனுமதி கேட்கலாம்.

எழுத்தாணி

தாள்வாசம் அண்ணா சொன்ன தரத்தில் படம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஓ.சி.ஆருக்கு வருகிறேன்.

டெசராக்டுடன் வரும் தமிழ் மாதிரி (எழுத்துகளை உணரப் பயிற்றுவித்த கோப்பு) இன்றைய எழுத்துருக்களில் பயின்றது. உங்கள் இதழ்களில் இருப்பது பழைய எழுத்து: தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை, கால் இல்லாமல் சுழியோடு ஒட்டிய ணா, றா, னா. அந்த வடிவங்கள் மாதிரிக்குத் தெரியாது. தெரிந்த எழுத்துகளில் எது கிட்டத்தட்ட ஒத்து வருகிறதோ அதைப் போடும். கூகுள் ஓ.சி.ஆரிலும் இதே கதைதான். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்காத பழைய நூல் எதைத் திறந்தாலும் காணலாம். 'இல்லை' என்பது 'இல்லே' ஆகும். 'என்றால்' என்பது 'என்ருல்' ஆகும். றா எல்லாம் ரு, னா பல இடங்களில் ஞ.

இவற்றில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம், சிலவற்றைத் தொடவே கூடாது. தமிழ்ச் சொல்லில் 'ன்' அடுத்து 'ர' வராது, 'ற' மட்டுமே வரும். ஆகவே 'ன்ரு' என்று எங்கே வந்தாலும் அது 'ன்றா'. 'சென்ருன்' சென்றான்தான். 'ற்ரு'வும் அப்படியே 'ற்றா'. அந்நியப் பெயர்களில் மட்டும் ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். ஆனால் 'லே' எல்லாவற்றையும் 'லை' என்று மாற்றினால் 'மேலே', 'வீட்டிலே', 'போலே' எல்லாம் கெட்டுவிடும். அங்கே சொற்பட்டியல் வைத்து, 'லை' போட்டால் மட்டும் சொல்லாகிறதா, இரண்டுமே சொல்லாகிறதா என்று பார்த்து, இரண்டும் சொல்லானால் மனிதக் கண்ணுக்கு அனுப்ப வேண்டும். ('வேலே', 'வேலை' இரண்டுமே வரும்.)

9,000 பக்கத்துக்கு இந்த ஒட்டுப்போடும் வேலையைவிட மாதிரியையே பயிற்றுவிப்பது மேல். மாதிரியை நாமே பயிற்றுவிக்க இடம் தரும் மென்பொருள்களான இஸ்கிரிப்டோரியம் (உள்ளே ஓடுவது கிராக்கன் என்ற எழுத்துணரி) அல்லது டிரான்ஸ்கிரிபஸ் எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்கிரிபஸ்காரர்கள் கையெழுத்துக்கே 5,000 முதல் 15,000 சொல், அதாவது 25 முதல் 75 பக்கம் கேட்கிறார்கள். அச்சுக்கு அதைவிடக் குறைவே போதும். ஒரு அச்சகத்தின் எழுத்துரு ஒன்றுக்கு 30 பக்கம் வரிவரியாக, படத்தில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். பிழையாக அச்சாகியிருந்தால் பிழையாகவே. அதில் பத்தில் ஒரு பங்கைப் பயிற்சியில் சேர்க்காமல் சோதனைக்கு ஒதுக்குங்கள். டெசராக்டையே மேற்பயிற்சி செய்வதானால் 'பெஸ்ட்' என்ற பெயரில் வரும் மாதிரியை எடுங்கள். 'ஃபாஸ்ட்' மாதிரியின் மேல் பயிற்சி தொடர முடியாது.

இன்னொன்று. இரண்டு பத்தி அச்சில் பக்கத்தை நிரலே பிரிக்கட்டும் என்று விட்டால், இடப் பத்தி வரியையும் வலப் பத்தி வரியையும் கோத்து ஒரே வரியாக்கிவிடும். பத்திப் பிரிப்பைக் கண்ணால் சரிபார்த்த பிறகே எழுத்துணர்வுக்கு விடுங்கள். ஆங்கிலச் சொல் ஆங்காங்கே வருகிறதே என்று தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்து ஓட்டினால் ட, ப போன்ற கோண எழுத்துகள் ரோமன் எழுத்தாக மாறத் தொடங்கும்.

நிறைமதி

> மாதிரியையே பயிற்றுவிப்பது மேல்

நன்றி. பயிற்றுவித்த பிறகு 97 விழுக்காடு எழுத்துத் துல்லியம் வந்தால் எண்ணத் தொடங்கிவிடலாமா?

கரிசல்மண்

இதற்குத்தான் காத்திருந்தேன். 97 என்ற ஒரு எண்ணை வைத்து உங்கள் ஆய்வில் எதையும் முடிவு செய்ய முடியாது, நிறைமதி. காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 97 எதன் விழுக்காடு? 'மொழி' என்ற சொல்லை யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் நான்கு: ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி. எழுத்தாக எண்ணினால் இரண்டு: மொ, ழி. ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமித்திருந்தால் குறியீடு ஐந்து. 'மொ' தப்பி 'மெ' என்று வந்தால், ஒரே பிழைக்கு ஒரு கணக்கில் 25 விழுக்காடு, இன்னொரு கணக்கில் 50. எந்தக் கணக்கு என்று சொல்லாத துல்லிய எண்களை ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது சொல். 'ஜனங்கள்' ஏழு குறியீடு. ஒவ்வொன்றும் 97 விழுக்காடு சரியாக வந்தால் முழுச் சொல்லும் சரியாக வரும் வாய்ப்பு 0.97ஐ ஏழு முறை பெருக்கினால் கிடைப்பது, அதாவது 81 விழுக்காடு. 'மக்கள்' ஆறு குறியீடு, 83 விழுக்காடு. இதுவரை பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் 97 என்பது சராசரி. க, த, ப, ம எல்லாம் பக்கத்துக்கு நூற்றுக்கணக்கில் வருவதால் மாதிரி அவற்றை நன்றாகக் கற்கும். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ அரிதாக வருபவை, கற்பது குறைவு. ஜ ஒன்றை மட்டும் 80 விழுக்காடே சரியாக உணர்கிறது என்று வையுங்கள். 'ஜனங்கள்' கிடைக்கும் வாய்ப்பு 67க்கு இறங்கிவிடும். இதழில் இரண்டு சொல்லும் நூறு நூறு முறை வந்திருந்தாலும் உங்கள் அட்டவணையில் 67, 83 என்று நிற்கும். நீங்கள் அளக்கப்போகும் அதே கிரந்த எழுத்தின் மேல்தான் கருவியின் பிழையும் கூடுதலாக விழுகிறது. எழுத்துத் துல்லியம் 99க்குப் போனாலும் இந்தச் சாய்வு போகாது.

காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். 1912ஆம் ஆண்டுப் பிரதி மங்கியது, 1938ஆம் ஆண்டுப் பிரதி தெளிவானது என்றால், பழையதில் கிரந்தச் சொல் கூடுதலாகத் தொலையும். அப்போது உண்மையில் இருக்கும் சரிவே தட்டையாகத் தெரியும்.

குடி அரசு இதழில் இன்னொரு பொறி இருக்கிறது. பெரியார் சீர்திருத்த எழுத்தை 1935 முதல் அதில் அச்சிட்டார். அந்த ஆண்டிலிருந்து றா, னா, லை, னை எல்லாம் இன்றைய வடிவம், ஓ.சி.ஆர். துல்லியம் ஒரே தாவாகத் தாவும். மற்ற இதழ்களில் பழைய வடிவமே தொடர்கிறது. அரசாணை வந்தது 1978இல்தானே. உங்கள் வளைவில் 1935இல் ஒரு திருப்பம் தெரிந்தால், சொல் மாறியதாலா எழுத்து வடிவம் மாறியதாலா என்று சொல்ல வழியிருக்காது, பிழையைத் தனித்தனியாக அளந்து வைக்காவிட்டால்.

அளக்கும் முறை இது. இதழ் வாரியாகவும் ஐந்தாண்டு வாரியாகவும் கட்டம் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குலுக்கல் முறையில் பக்கம் எடுத்து, ஓ.சி.ஆரைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யுங்கள். அதில் ஜ, ஷ, ஸ, ஹ எத்தனை இருக்கின்றன, அவற்றில் எத்தனை ஓ.சி.ஆரில் சரியாக வந்தன, வராத இடத்தில் எத்தனை புதிதாக முளைத்தன என்று தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு கட்டத்துக்கு 200 கிரந்த எழுத்தாவது மாட்ட வேண்டும். 200இல் 80 விழுக்காடு என்றால் பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ ஐந்தரை விழுக்காடு. ஐம்பது மட்டும் இருந்தால் பதினொன்றாகிவிடும், அதை வைத்துத் திருத்தம் போட முடியாது. இந்த விகிதத்தால் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணிக்கையையும் சரிசெய்த பிறகே வளைவு வரையுங்கள்.

எழுத்தாணி

கரிசல்மண் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜ, ஐ குழப்பம் பெருவாரியாக வரும். சொல்லின் நடுவில் ஐ என்ற முழு உயிரெழுத்து வருவது மிக அரிது. ஆகவே 'ராஐா', 'பூஐை' என்று நடுவில் வந்தால் ஜ என்று துணிந்து திருத்தலாம். முதலெழுத்தாக வந்தால் நில்லுங்கள்: 'ஐனங்கள்' ஜனங்கள்தான், ஆனால் 'ஐந்து', 'ஐயர்', 'ஐப்பசி' உண்மையான சொற்கள்.

பயிற்சிப் பக்கங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே கிரந்தம் நிறைந்த பக்கங்களை வேண்டுமென்று கூடுதலாகச் சேர்த்தால் அந்த 80 ஏறும். சோதனைப் பக்கங்களை மட்டும் குலுக்கலிலேயே எடுங்கள்.

பொறிவாசல்

பைத்தான் பக்கம். பலரையும் சத்தமில்லாமல் கவிழ்ப்பது இதுதான்: பைத்தானில் எழுத்துச் சரம் தேட வழக்கமாக உள்ள 're' தொகுப்பில் 'சொல் எழுத்து' என்ற குறி (\w) தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாது. 'தமிழ்' என்பதைக் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகத் திருப்பித் தரும். சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் தொகுப்பின் சொல் எண்ணும் கருவியை அப்படியே ஓட்டினால் அதுவும் இதே விதியில் உடைத்து, ஓரெழுத்துத் துண்டைக் கடாசிவிடும். 'தமிழ்' வெறும் 'தம' ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அட்டவணை மட்டும் அழகாக வரும். 're'க்குப் பதில் 'ரெஜெக்ஸ்' தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள், அது குறிகளையும் சேர்த்தே எடுக்கும். அல்லது இடைவெளியில் மட்டும் பிரித்து, ஓரத்து நிறுத்தக்குறிகளைக் கழியுங்கள். ஆன்ட்கான்க் என்ற சொல் தேடி எண்ணும் மென்பொருளைப் பயன்படுத்துவதானால் டோக்கன் வரையறையில் (எதைச் சொல்லாகக் கொள்வது என்ற விதியில்) குறிகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எண்ணுவதற்கு முன் எல்லாக் கோப்பையும் யூனிகோடு என்.எஃப்.சி. வடிவத்துக்கு (ஒரே எழுத்தை ஒரே முறையில் சேமிக்கும் வடிவம்) கொண்டுவாருங்கள். ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரிந்திருப்பது ஒகரக் குறியாக ஒன்றுசேரும். ஆனால் என்.எஃப்.சி. சில இடங்களில் கைகொடுக்காது. ஔகாரத்தின் பின்பகுதிக்குப் பதில் 'ள' எழுத்தையே போட்டு 'கெளரவம்' என்று எழுதியிருந்தால் அது அப்படியே கிடக்கும். 'ஸ்ரீ'யில் முதல் எழுத்து சிலரிடம் ஸ, சிலரிடம் 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், தேடினால் ஒன்று மட்டுமே மாட்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறிகள் சொல் நடுவில் ஒளிந்திருந்தாலும் இதே தொல்லை. திஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களிலிருந்து மாற்றிய கோப்புகளிலும் இவற்றைத் தேடிப் பாருங்கள்.

வடலி

யாழ்ப்பாணத்து இதழ்களும் சேர்ப்பீங்களோ தெரியாது. 'நூலகம்' என்ற ஈழத்து எண்ணிம நூலகத் தளத்தில் நிறைய இருக்குது. சேர்த்தால் வெளியான ஊரை ஒரு தனி நிரலாக வையுங்கோ. இங்கத்தைய சொல்வழக்கும் அச்சு மரபும் வேறு, சென்னையோடு கலந்தால் இரண்டும் தெரியாமல் போயிடும்.

திகதி விஷயத்தில் கவனம். கனக்க இதழ்களில் முகப்பில் தமிழ் வருடம் மட்டும்தான். 'விபவ வருஷம் தை மாதம்' என்று இருந்தால் விபவ 1928 சித்திரையில் தொடங்கியது, ஆனால் தை வருவது 1929 சனவரியில். 1928 என்று பதிந்தால் ஒரு வருடம் பிசகும். அறுபது வருடச் சுழற்சி என்பதால் முந்திய விபவ 1868-69. இருபதாம் நூற்றாண்டு இதழுக்கு அது குழப்பாது, பழைய நூலுக்குக் குழப்பும். கொல்லம் ஆண்டு இருந்தால் 825ஐயும் சாலிவாகன சகம் இருந்தால் 78ஐயும் கூட்டிச் சரிபாருங்கோ. இதழில் அச்சான வடிவம் ஒரு நிரல், கிரிகோரியன் மாதம் இன்னொரு நிரல். முதலாவதை ஒருநாளும் அழிக்காதீங்கோ.

பக்க எண்ணும் அப்படித்தான். ௨௰௩ என்றாலும் ௨௩ என்றாலும் 23. முன்னையது பழைய முறை, பின்னையது இடமதிப்பு முறை. ஒரே இதழில் இரண்டும் வரும். ஓ.சி.ஆர். ௧ஐ க என்றும் ௨ஐ உ என்றும் ௰ஐ ய என்றும் எடுக்கும். பக்க எண்களை ஓ.சி.ஆரை நம்பி எடுக்காமல் பட வரிசையை வைத்துக் கையால் போடுங்கோ. ஆயிரம் பக்கத்துக்கு ஒரு பொழுது கூட ஆகாது.

பொறிவாசல்

ஒரு யோசனை. இப்போது பெரிய மொழி மாதிரிகள் நன்றாகத் தமிழ் படிக்கின்றன. ஓ.சி.ஆர். வெளியீட்டை அப்படியே கொடுத்து 'பிழை திருத்து' என்றால் என்ன? 9,000 பக்கத்தையும் சில நாளில் முடிக்கலாமே.

கரிசல்மண்

இந்த ஆய்வுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். அந்த மாதிரிகள் பயின்றது பெரும்பாலும் இன்றைய தமிழ். 'வருஷம்' என்பதை 'வருடம்' ஆக்கும், 'ப்ரசங்கம்' என்பதைப் 'பிரசங்கம்' ஆக்கும், ஒட்டி அச்சானதைப் பிரிக்கும். எந்தச் சொல் எப்போது மாறியது என்பதுதான் இங்கே கேள்வி. மாற்றத்தை 2020களின் இயந்திரமே செய்து வைத்துவிட்டால் அளப்பதற்கு என்ன மிஞ்சும்? மங்கிப்போன வரியில் பொருள் பொருந்தும்படி ஒன்றைத் தானே எழுதி நிரப்பியும் விடும். 'இல்லே' போன்ற பிழை பார்த்ததும் தெரியும், அகராதியிலும் சிக்கும். வழவழப்பாக வந்த தவறான வாக்கியத்தைப் படத்தோடு ஒப்பிடாமல் யாராலும் பிடிக்க முடியாது.

எழுத்தாணி

முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. திருத்தச் சொல்லாமல் சந்தேகமான இடத்தைக் குறிக்க மட்டும் சொல்லலாம். குறித்த இடங்களை ஆள் ஒருவர் படத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். ஓ.சி.ஆர். மூல வெளியீடு ஒரு அடுக்கு, விதி வழித் திருத்தம் இரண்டாவது அடுக்கு, மனிதர் திருத்தம் மூன்றாவது அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்றை எழுதி மூடக் கூடாது. கிட் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளில் வைத்தால் எந்தத் திருத்தம் எப்போது வந்தது என்பது தானாகப் பதிவாகும்.

பொறிவாசல்

சரி, ஒப்புக்கொள்கிறேன். குறிப்பதற்கு மட்டும் என்றால் செலவும் குறையும்.

நிறைமதி

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. இப்போது எண்ணும் கட்டம். 'பாஷை', 'மொழி' இரண்டையும் தேடி, ஆண்டுவாரியாகப் பத்தாயிரம் சொல்லுக்கு இத்தனை என்று போட்டால் போதுமா?

கரிசல்மண்

அங்கே நான்கைந்து இடறு உண்டு.

'மொழி' என்று எழுத்துச் சரமாகத் தேடினால் பழமொழி, மறுமொழி, வாய்மொழி, மொழிந்தான், மொழிபெயர்ப்பு எல்லாம் வரும். 'பாஷை' என்று தேடினால் பாஷாபிமானமும் பாஷாந்தரமும் விடுபடும். ஆகவே முதலில் 'மொழி', 'பாஷ' என்ற சரங்களைத் தேடிக் கிடைக்கும் எல்லா வடிவங்களையும் பட்டியலாக எடுங்கள். எந்த வடிவம் கணக்கில் சேரும், எது சேராது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள். பிறகு இருபுறமும் சில சொற்கள் தெரியும்படி வரிகளை எடுத்து, ஒரு கட்டத்துக்கு 200 வரி கண்ணால் படியுங்கள். 'அவர் மொழிகளைக் கேட்டு' என்பதில் மொழி என்றால் பேச்சு. பாஷை அந்த இடத்தில் வராது. மாற்றீடாகவே வர முடியாத இடங்களைக் கழித்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

வகுக்கும் எண்ணும் ஆபத்தானது. பழைய அச்சில் சொற்களைச் சேர்த்தே அடிப்பார்கள். 'பாஷையென்பதொன்றுண்டு' என்பது இடைவெளிக் கணக்கில் ஒரு சொல், இன்றைய அச்சில் மூன்று நான்கு சொல். 1912க்கும் 1938க்கும் இடையே பிரித்து அச்சிடும் பழக்கம் கூடியதால், சொல் எண்ணிக்கையால் வகுத்தால் பழையதில் எல்லாச் சொல்லும் மிகையாகத் தெரியும். எழுத்து எண்ணிக்கையால் வகுங்கள், ஒரு லட்சம் எழுத்துக்கு இத்தனை என்று. இன்னும் நல்லது விகிதம்: பாஷை, மொழி இரண்டின் கூட்டுத்தொகையில் மொழியின் பங்கு எவ்வளவு. அதில் இந்தச் சிக்கலே எழாது.

வரி ஓரத்தை மறக்க வேண்டாம். தமிழ் அச்சில் இடைக்கோடு போடாமலே சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள். வரி இறுதியில் 'பா', அடுத்த வரித் தொடக்கத்தில் 'ஷையின்' என்றிருந்தால் அந்தச் சொல் கணக்கில் வராது. குறுகிய இரட்டைப் பத்தி இதழில் இது மிக அதிகம், அகலப் பத்தி இதழில் குறைவு. ஆகவே இதழுக்கு இதழ் இழப்பு மாறும். வரி ஈற்றையும் அடுத்த வரி முதலையும் ஒட்டிப் பார்த்து, அந்த ஒட்டுச் சொல் இதே தொகுப்பில் வரி நடுவில் வேறெங்காவது வந்திருந்தால் ஒட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எல்லா இதழையும் ஒரே குவியலாக்கி ஆண்டு வளைவு போடாதீர்கள். 1923இல் செந்தமிழ்ச் செல்வி பட்டியலில் சேர்ந்ததும் மொத்த வளைவு 'மொழி' பக்கம் சாயும். மற்ற இதழ்கள் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் இருந்தாலும் சாயும். இதழுக்கொரு வளைவு முதலில். மொத்த வளைவு வேண்டுமானால் முப்பது ஆண்டும் தொடர்ந்து கிடைக்கும் இதழ்களை மட்டும் வைத்துத் தனியாக ஒன்று.

கடைசியாக, தொகுப்பு நூலில் மறுபடி அச்சான கட்டுரையை மூல இதழின் ஆண்டில் சேர்க்கக் கூடாது. பதிப்பாசிரியர்கள் எழுத்தையும் சந்தியையும் சில வேளை சொல்லையுமே மாற்றியிருப்பார்கள். முதல் அச்சு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டுரையை விட்டுவிடுவதே நேர்மை.

நிறைமதி

இதழ்க் கலவையை நினைக்கவே இல்லை. நன்றி. டி.இ.ஐ. (நூலின் பகுதிகளைக் குறியிட்டுப் பதியும் பொதுத் தரம்) குறியிடலும் செய்யச் சொல்கிறார்கள். ஒரு ஆளாக 9,000 பக்கத்துக்கு அது நடக்கிற காரியமா?

எழுத்தாணி

முழு டி.இ.ஐ. தேவையில்லை. சங்கப் பாட்டுப் பதிப்புக்கோ கல்வெட்டுக்கோ பாடபேதம், சிதைவு, ஊகம் எல்லாம் குறிக்க வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம். ஆனால் நான்கு குறி இல்லாமல் உங்கள் எண்ணிக்கை தப்பும்: பக்க முறிவு, கட்டுரைத் தலைப்போடு கட்டுரை எல்லை, மேற்கோள், விளம்பரம்.

மேற்கோள் ஏன் என்றால், 1915ஆம் ஆண்டுக் கட்டுரைக்குள் வரும் பழம்பாட்டு அடியில் 'மொழி' இருக்கும். அது 1915இன் சொல்லாட்சி ஆகாது. செந்தமிழ் போன்ற இதழில் பக்கத்துக்குப் பக்கம் செய்யுள் வரும். விளம்பரம் ஏன் என்றால், கட்டுரையில் சொல் மாறிய பிறகும் மருந்து விளம்பரத்தில் பழைய நடை அப்படியே தொடரும், ஒரே வாசகம் மாதாமாதம் திரும்ப அச்சாகும். பத்தி பிரிக்கும் கட்டத்திலேயே இஸ்கிரிப்டோரியத்தில் பகுதி வகைகளாகக் குறித்துவிட்டால் தனி வேலையாகத் தோன்றாது.

தாள்வாசம்

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. பெயரில்லாமலோ புனைபெயரிலோ வந்தது என்றால் வெளியான ஆண்டிலிருந்து 60. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர்கள் என்றால் தடையில்லை. இதழில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் வேறு என்பதால் இதழ் முழுவதையும் பொதுவில் போட முடியாமல் போகலாம். அப்போது சொல் எண்ணிக்கை அட்டவணையையும் வடிவப் பட்டியலையும் சோதனைப் பக்கங்களில் உரிமை முடிந்தவற்றையும் மட்டும் ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். மற்றவர்கள் சரிபார்க்க அது போதும்.

சேமிப்பு: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் நடந்த சைபர் தாக்குதலுக்குப் பிறகு அதன் எண்ணிமத் தொகுப்புகள் மாதக்கணக்கில் எட்டவில்லை. இணையத்தில் இருக்கிறதே என்று தரவிறக்காமல் விடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் சரிபார்ப்புத் தொகை (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்) எடுத்து ஒரு கோப்பில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம். சில கணினிகள் ஒகரக் குறியைப் பிரித்துச் சேமிக்கும், பிறகு பெயர் பொருந்தாமல் நிரல் நின்றுபோகும். இதழ்ச் சுருக்கம், ஆண்டு, மாதம், பட எண் என்று ரோமன் எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள்.

நிறைமதி

அப்படியானால் 9,000 பக்கத்தையும் ஒரேயடியாகத் தொடங்குவதாக இல்லை. குடி அரசு, ஆனந்த போதினி இரண்டில் மட்டும் 1930 முதல் 1939 வரை எடுத்து, சோதனைப் பக்கங்களை முதலில் கையால் தட்டச்சு செய்து, 1935க்கு முன்னும் பின்னும் ஜ, ஷ, ஸ, ஹ எத்தனை விழுக்காடு மாட்டுகிறது என்று பார்க்கிறேன். அட்டவணை வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.

கரிசல்மண்

நல்ல தேர்வு. ஒன்றில் எழுத்து மாறுகிறது, இன்னொன்றில் மாறவில்லை, காலம் ஒன்றே. அட்டவணையில் றா, னா, லை, னை நான்கையும் தனி நிரலாகச் சேருங்கள். குடி அரசில் அவை 1935இல் தாவி, கிரந்த எழுத்து தாவாமல் இருந்தால் இரண்டு பிழையையும் பிரித்துக் கையாளலாம்.